கல் என்று எழுதியிருக்கலாம்

போன மாதம் ஏரிக்கரைப் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து போனதைப் பற்றி நம் நடைக் குழுவில் நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று ஒருவர், யாராவது மனம் நோகப் பேசிவிட்டோமோ என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. அன்று கைப்பேசியில் போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மிஸைல் என்றால் ராக்கெட்தானே என்று ஒருவர் கேட்க, நம் ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர், "அப்படி இல்ல, கையால எறியற எதுவும் மிஸைல்தான். நான் பசங்க மேல எறிஞ்ச சாக்பீஸ்கூட மிஸைல்தான்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு மட்டும் அந்தப் பெஞ்சில் உட்கார முடியவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் நடைக்கே வரவில்லை. வீட்டுக்குள் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தேன். எடுத்த வேலை எதையும் முடிக்கவில்லை. பதினோராம் நாள் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அது என்ன என்று உங்களிடம் வாயால் சொன்னால் நடுவில் யாராவது சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார்கள்.

எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை. கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, ஒரு ஏரிக்குக் கீழே, நெல் வயலை மனை போட்டு விற்ற காலனியில் நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்தோம். நாற்பது வீடு இருக்கும். பாதி வீடுகளுக்குப் பூச்சு இல்லை. தெருவெங்கும் ஈரச் சிமெண்ட் வாசனையும் மதியமானால் ஏரிச் சேறு காய்கிற வாசனையும். தலைக்கு மேல் விமானங்கள் தாழப் பறக்கும். அந்தச் சத்தத்தில் பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் எல்லோருக்கும் பழகியிருந்தது.

அப்பா கோட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். தினமும் மின்சார ரயிலில் போய் வருவார். அவருடைய ஆங்கிலம்தான் காலனிக்குச் சொத்து. தெருவிளக்கு வேண்டும், குழாய் வேண்டும், நாய்த் தொல்லை, எதுவானாலும் மனு அப்பாதான் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, முழங்கை வைத்துத் தேய்ந்துபோன மேஜையில் உட்கார்வார். நடுவில் கார்பன் தாள் வைத்த மூன்று வெள்ளைத் தாள்கள். பக்கத்தில் பழுப்பு அட்டை போட்ட ஆங்கில அகராதி. அதைக் கை கழுவாமல் நாங்கள் தொடக் கூடாது. மனுவின் அடியில் நகல் யார் யாருக்கு என்று ஒரு பட்டியல் போடுவார். மனுவைவிட அந்தப் பட்டியலை எழுதும்போதுதான் அவர் முகம் மலரும். "மேல இருக்கறவனுக்கு ஒரு காப்பி போனாத்தான் கீழ இருக்கறவன் அசைவான்" என்பார்.

நான் நன்றாக எறிவேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. இடது கைக்காரி. கொடுக்காப்புளி, புளியங்காய், மாங்காய் என்று எதை அடிக்க வேண்டுமானாலும் பையன்கள்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் தண்டவாளத்துப் பக்கம் கிடக்கிற கருங்கல் ஜல்லியில் நல்லதாக இரண்டு பொறுக்கி வருவேன். மண்ணாங்கட்டி மாதிரி அது நடுவழியில் ஏமாற்றாது. கையை விட்டுப் போன பிறகும் நான் சொன்னபடி கேட்கும்.

காலனிக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் மட்டும் விற்காமல் இருந்தது. அதில் கீரை போட்டிருந்தார்கள். அந்த நிலத்துக்காரர்கள் பழைய கிராமத்து ஆட்கள். அந்த வீட்டு அம்மா தலையில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் கீரை விற்பார். அவரைக் கீரைக்காரம்மா என்போம். அவருடைய மகனுக்கு அப்போது இருபது வயது இருக்கலாம், கீரைக்கார அண்ணன். பாத்திக்கு வருகிற ஆட்டையும் குருவியையும் விரட்ட ஒரு கயிற்றுக் கவண் வைத்திருந்தார். அதில் மண்ணாங்கட்டி வைத்துத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி விடுவார். விர்ரென்ற அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக் கிணற்றடி வரை கேட்கும். எந்த ஆட்டின் மேலும் பட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்தில் விழும், ஆடு ஓடும், அவ்வளவுதான்.

ஒரு நாள் கீரைக்காரம்மா எங்கள் சமையலறையை எட்டிப் பார்த்து அம்மாவிடம் சொன்னார்: "நீ அடுப்பு வச்சிக்கிற பாரு, அங்கதாம்மா எங்க களம் இருந்திச்சு." குறையாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னார். அம்மா இன்னொரு கட்டுக் கீரை வாங்கினார்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் ஏரியைப் பார்த்த கடைசி வீடு காலனிச் சங்கச் செக்ரட்டரியுடையது. அவருடைய மனைவியை நாங்கள் பந்தம்மா என்போம். அவர் வீட்டுக்குள் விழுந்த பந்து திரும்பி வந்ததில்லை. கொல்லையில் ஒரு பிரம்புக் கூடை நிறைய பந்து வைத்திருந்தார். இன்று யோசித்தால் அவருக்கும் காரணம் இருந்திருக்கும். புது வீடு, கடன் வாங்கிக் கட்டியது, சன்னலுக்கெல்லாம் கண்ணாடி. எங்கள் காலனியில் அப்போது கண்ணாடிச் சன்னல் அந்த ஒரு வீட்டில்தான்.

அந்த விடுமுறையில் சித்தப்பா எனக்கு ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தார். பாதி சிவப்பு, பாதி நீலம். முகர்ந்தால் புதுச் செருப்பு வாசனை. மூன்றாம் நாள் அது செக்ரட்டரி வீட்டு மதிலைத் தாண்டியது. நான் போய்க் கேட்டேன். பந்தம்மா உள்ளே போனார். காய்கறி நறுக்கும் அரிவாள்மணையில் வைத்து அறுத்திருக்க வேண்டும். இரண்டு பாதியும் ஒன்றன்பின் ஒன்றாக மதிலுக்கு மேலாக வந்து என் காலடியில் விழுந்தன. உள்பக்கம் வெள்ளையாக, ஏதோ மாவு தடவியது போல இருந்தது. பந்துக்கு உள்ளே ஒன்றுமே இருக்காது என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் அழவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. நான்கு நாள் ஓரிடத்தில் நிற்க முடியாமல் திரிந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு ஜல்லிக் கல்லை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் ஏறினேன். வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் நின்றேன். செக்ரட்டரி வீட்டு முன்னறையில் விளக்குப் போட்டார்கள். சன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. எனக்கு வேண்டியது கண்ணாடி மட்டும்தான். எறிந்தேன்.

கண்ணாடி உடைகிற சத்தம் நான் நினைத்த அளவு பெரிதாக இல்லை. அதற்குப் பின்னால் வந்த அலறல்தான் பெரிதாக இருந்தது. திரைச்சீலையை இழுக்க அந்த நொடியில்தான் பந்தம்மா சன்னலுக்கு வந்திருக்கிறார். புருவத்துக்கு மேல் மூன்று தையல். இன்னும் ஒரு விரல்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று மறுநாள் தெருவெல்லாம் பேசினார்கள்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து கால் கழுவினேன்.

"ஏன்டி இப்படி மூச்சு வாங்குது?" என்றார் அம்மா.

"ஓடிப் பிடிச்சு விளையாடினோம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செக்ரட்டரி காலையிலேயே வந்துவிட்டார். சவரம் செய்யாத முகம். "இதை விடக் கூடாது சார். ஸ்டேஷனுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதுங்க. ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்றார். அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வரி எழுதி, பேனாவை மூடி, அகராதியை எடுத்துப் புரட்டினார். பிறகு அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். மிஸைல்.

"கல்லுன்னா போதாதா சார்?" என்றார் செக்ரட்டரி.

"கல்லை யாரு பார்த்தா? வேலைக்காரம்மா கண்ணாடியோட சேர்த்துக் கூட்டி ஏரியில கொட்டிட்டாங்கன்னு சொல்றீங்க. அது கல்லோ, செங்கல்லோ, சோடா பாட்டிலோ. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதக் கூடாது. பேப்பர்ல பாருங்க, கூட்டத்துல கலாட்டான்னா கல், பாட்டில், மற்ற மிஸைல்னுதான் போடுவான். எறியப்பட்ட பொருள் எதுவானாலும் இந்த ஒரே வார்த்தையில அடங்கிடும்."

அப்பா சொன்னதில் பிழையே கிடையாது. அகராதியில் அப்படித்தான் இருந்தது. அவர் மேஜையை விட்டு எழுந்து போன பிறகு கை கழுவிக்கொண்டு நானே எடுத்துப் பார்த்தேன். தூரத்தில் உள்ள இலக்கை நோக்கி எறியவோ செலுத்தவோ ஏற்ற எந்தப் பொருளும். என் கல்லைப் பற்றி யாரோ முன்கூட்டியே எழுதி வைத்தது போல இருந்தது.

அடையாளம் தெரியாத மிஸைல் ஒன்று ஏரிக்கரைத் திசையிலிருந்து செலுத்தப்பட்டது என்று எழுதி, அப்பா வழக்கம்போல நகல் பட்டியல் போட்டார். இந்த முறை பட்டியல் நீளம். மேலே மேலே போய் எந்த நாற்காலியில் நின்றது என்று எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் காலை, அப்பா அலுவலகத்துக்குக் கிளம்பும் முன்பே, ஜீப் வந்தது. எங்கள் தெருவுக்கு அதற்கு முன் ஜீப் வந்ததில்லை. இன்ஸ்பெக்டர் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அப்பாவின் மனு.

"யார் சார் இத எழுதினது? ஏரோப்ளேன் எறங்கற எடத்துக்கு இவ்ளோ கிட்ட மிஸைலான்னு மேலேருந்து கேக்கறாங்க. எனுக்கு ரெண்டு நாளா பேஜார்."

"எறியப்பட்ட பொருள்னு அர்த்தம் சார். டிக்ஷனரி காட்டறேன்" என்று அப்பா உள்ளே திரும்பினார்.

"டிக்ஷனரிலாம் வேணா சார். எனுக்கு ஆள் வேணும். இங்க எறியறவன் எவனாவது கீறானா?"

வாசலில் நின்ற செக்ரட்டரிதான் சொன்னார்: "ஏரிக்கரையில ஒருத்தன் எப்பவும் கவண் சுத்திக்கிட்டு இருப்பான் சார்."

கீரைக்கார அண்ணன் அப்போது பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் போய் அழைத்து வந்தார்கள். ஒருவர் கையில் கவண், இன்னொருவர் கையில் மண்ணாங்கட்டி வைத்திருந்த கூடை. அண்ணன் முகத்தில் பயம் தெரியவில்லை. என்ன வேண்டுமாம் இவர்களுக்கு என்பது போலப் பார்த்தார். கால் முட்டி வரை சேறு. ஜீப்பில் ஏறும்போது கூட்டத்தைப் பார்த்து, "மடைய அடைக்கச் சொல்லி எங்கம்மாகிட்ட யாராவது சொல்லுங்க, தண்ணி போய்கினே கீது" என்றார்.

யாரும் நகரவில்லை. நான்தான் ஓடினேன். கீரைக்காரம்மா வீட்டில் இல்லை. நானே போய் மண்ணை அள்ளிப் போட்டு மடையை அடைத்தேன். அன்று நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அதைச் செய்துவிட்டதால் ஏதோ சரியாகிவிட்டது போல அரை நாள் நிம்மதியாக இருந்ததும் உண்மை.

இரண்டு நாள் அவரை விடவில்லை. மூன்றாம் நாள் காலை அப்பா அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் கீரைக்காரம்மா வந்தார். தலையில் கூடை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். படிக்கு வெளியே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"இன்னா சார் எழுதின எம்புள்ளைய பத்தி?"

"உங்க பையனைப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதலைம்மா."

"ஏதோ ஒரு வார்த்த எழுதிக்கிறியாம். அதனாலதான் வுட மாட்டேங்கறோம்னு ஏட்டு சொல்றாரு. அது இன்னா வார்த்த?"

அப்பா சொன்னார். அந்த அம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வாயில் நிற்கவில்லை.

"அப்படின்னா இன்னா சார்?"

"எறியற பொருள்னு அர்த்தம். கல்லு, கட்டி, எதுவானாலும்."

"கல்லுதானே?"

"கல்லாவும் இருக்கலாம்."

"அப்ப கல்லுன்னு எழுதறதுக்கு இன்னா சார்?"

அப்பா குனிந்து ஒரு செருப்பை மாட்டினார். அந்த அம்மா நகரவில்லை. "எம்புள்ள எறியல சார். எறிஞ்சா எங்கிட்ட சொல்லுவான். எங்கிட்ட அவன் பொய் சொன்னதே கெடையாது. நேத்து ஜெயிலுக்குள்ளேருந்துகூட சொன்னான், நான் இல்லமான்னு." ஸ்டேஷன் அறையைத்தான் அவர் ஜெயில் என்றார். சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அதையே சொல்லிக்கொண்டு போனார். எம்புள்ள எறியல. எம்புள்ள எறியல.

அப்பா ஒரு செருப்பை மாட்டியபடி, இன்னொன்றை மாட்டாமல், நின்றுகொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

"அப்பா, அது கல்லுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எறிஞ்சேன்."

அவர் திரும்பி முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போய்ச் சட்டையை மாத்திக்கிட்டு வா" என்றார்.

நான் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அவர் என் தலையை வாரி, முகத்தைத் துடைத்து, சைக்கிளில் முன் கம்பியில் உட்கார வைத்தார். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். "கேட்டா பயப்படாம சொல்லணும். கை தவறிடுச்சுன்னு சொல்லு. மன்னிச்சுடுங்கன்னு சொல்லு. சின்னப் பொண்ணு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்குப் பயமாகவும் இருந்தது, லேசாகவும் இருந்தது. சொல்லிவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்படி இருக்கும்.

ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெண் பிள்ளை, ஸ்டேஷன், காலனியில் நாளைக்கு என்ன பேசுவார்கள், செக்ரட்டரி முகத்தில் எப்படி விழிப்பது, எல்லாம் ஓடியிருக்கும்.

"நீ இங்கயே இரு" என்றார்.

நான் சன்னலடியில் நின்றேன். கம்பி வழியாக உள்ளே தெரிந்தது. கீரைக்கார அண்ணன் சட்டை இல்லாமல் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காது வீங்கிச் சிவந்திருந்தது. முட்டியில் அந்தச் சேறு அப்படியே காய்ந்திருந்தது. தலையைத் தூக்கியவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அப்பாவின் குரல் கேட்டது. "சார், அந்த வார்த்தை தப்பு. கல்லுன்னு எழுதணும். எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் வராது, தெரியாம போட்டுட்டேன்."

"ஹெட் கிளார்க்குங்கறீங்க?"

"ஆமா சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவரும் சிரித்தார். பிறகு அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

"சரி சார். ஆனா மேல கேட்டுட்டான், நான் பதில் எழுதணும். கல்லுன்னா எவனோ ஒருத்தன் எறிஞ்சிருக்கணும் இல்ல? இவன் எறிஞ்சான், கண்டிச்சு அனுப்பிட்டோம்னு எழுதிகினு கையெழுத்து வாங்கிடறேன். கேஸ் கிடையாது. உங்களுக்கு ஓகேவா?"

வெளியே ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. அதற்குப் பிறகுதான் அப்பா சொன்னார்.

"சரிங்க சார்."

திரும்பும் வழியில் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். நன்றாக இருந்தது. "விட்டுடுவாங்க, மத்தியானமே விட்டுடுவாங்க" என்று இரண்டு முறை சொன்னார். அவர் எனக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் நான் மொட்டை மாடியில் வடகத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். கீரைக்காரம்மா தெருவில் வந்தார். காலையில் எந்தெந்த வாசலில் நின்றாரோ அதே வாசல்களில் மறுபடி நின்றார். என்ன சொன்னார் என்று மாடிக்குக் கேட்கவில்லை. செக்ரட்டரி வீட்டு வாசலில் மட்டும் கேட்டது. பந்தம்மா கட்டுப் போட்ட நெற்றியோடு கிரில் கதவுக்குள் நின்றார். கீரைக்காரம்மா இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"தெரியாம பண்ட்டான்மா. கையெழுத்து போட்டுக் குட்த்துகிறான். நான்தான் அவன் பேச்ச நம்பி ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். மன்னிச்சுக்கோ தாயி."

நான் மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பதினெட்டுப் படி. இறங்கிப் போய் மதிலோரம் நின்று ஒரு வரி. துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்தபடி நின்றேன். வடகத் துணியில் ஒட்டியிருந்த காய்ந்த மாவு என் பாதத்தில் உதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த அம்மா போகும்வரை நின்றேன்.

பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. கீரை வாங்க அம்மா மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நடந்தது முழுவதும் தெரியாமல் சலித்துக்கொண்டார். அப்பா மனு எழுதுவதை நிறுத்திவிட்டார். யாராவது வந்து கேட்டால், "எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் வராதுங்க" என்பார். அடக்கமாகப் பேசுகிறார் என்று போய்விடுவார்கள். நானும் அப்பா என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் பெருமையை விட்டுக்கொடுத்தார் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரே ஒரு முறை கேட்டேன், அன்றைக்கு நீங்கள் செய்தது சரியா என்று. செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன் வெளிய வந்துட்டான் இல்ல" என்றார். பக்கத்தைத் திருப்பினார். அதற்கு மேல் எங்களுக்குள் அந்தப் பேச்சு கிடையாது. அப்பா நல்லவர்தான். அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடையதை மட்டும் அல்ல என்பதை அவரும் அறிந்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். நான் மட்டும் என்ன. எனக்குக் கல்யாணமாகி, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றாயிற்று. அதே வழியாக ஆயிரம் முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கவில்லை.

போன மாதம்தான் இறங்கினேன்.

அந்தக் கீரைத் துண்டு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கீழே ஒரு ஜெராக்ஸ் கடை, மாடிகளில் வாடகைக்குக் குடும்பங்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, மடித்துக் கட்டிய வேட்டி. அடையாளம் தெரிந்தது.

"வூடு பாக்க வந்தியாம்மா? மேல எதுவும் காலி இல்ல."

"வீடு பார்க்க வரலைண்ணா." யார் என்று சொன்னேன்.

"இங்கிலீஷ் சார் பொண்ணா நீ? உக்காரு, உக்காரு." இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா இருக்கிறாரா என்று விசாரித்தார். இல்லை என்றேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்குப் பதிலாக அதைச் சொல்லிவிட்டேன். செக்ரட்டரி வீட்டுச் சன்னலில் கல் எறிந்தது நான் என்று.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று இரண்டு பெண்களை இறக்கிவிட்டது.

"நீ எறிஞ்ச."

"ஆமாண்ணா."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஸ்டேஷனுக்கு வர்றப்பவே தெரியுமா?"

"அன்னிக்குக் காலையிலதான் நான் சொன்னேன். அதனாலதான் வந்தார்."

தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். குரல் முன்னைவிட மெதுவாக வந்தது.

"எங்கம்மா ஆறு மாசம் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. கல்லு எறிஞ்சதுக்கு இல்ல. எறிஞ்சிட்டு அதுகிட்ட இல்லன்னு பொய் சொல்லிட்டேன்னு. அடி தாங்காமதாம்மா கையெழுத்து போட்டேன்னு எத்தினியோ வாட்டி சொன்னேன். அப்புறமா பேசிச்சு, சோறு போட்டுச்சு, கல்யாணம் கட்டி வச்சிச்சு, எல்லாம்தான். ஆனா சாகற வரிக்கும் நான் அதுக்குப் பொய் சொன்னவன்தான்."

"என்னை மன்னிச்சுடுங்கண்ணா."

"அத்த வுடு." கையை அசைத்து அதைத் தள்ளினார். பிறகு எழுந்து, கதவுப் பக்கம் திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி வந்தார். ஈரக் கையைத் துடைத்தபடி மருமகள் வந்தார். கல்லூரிப் பையைத் தோளில் மாட்டியபடி ஒரு பேரன் வந்தான்.

"இந்தம்மா ஒண்ணு சொல்லுவாங்க. எல்லாம் கேளுங்க" என்றார். என்னிடம் திரும்பினார். "எங்கிட்ட சொன்ன பாரு, அப்படியே சொல்லு."

அந்த நான்கு பேர் முன்னால் நின்று சொன்னேன். சின்ன வயதில் தாத்தா கல் எறிந்து ஸ்டேஷனுக்குப் போன கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கேலி செய்ய வசதியான ஒரு கதையாக அது அங்கே இருந்திருக்கிறது. பேரன் சிரிக்கத் தொடங்கி, தாத்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அப்ப இவரு இல்லியா?" என்று கேட்டார் அவர் மனைவி.

"இல்லம்மா. நான்தான்."

"நாப்பத்தஞ்சு வருசமா சொல்றாரு. நானும் நம்பல" என்றார் அந்த அம்மா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

நான் கிளம்ப எழுந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்து ஒரு எண்ணைத் தேடினார்.

"இரு. எந்தங்கச்சி பம்மல்ல கீது. அம்மா அதுகூடதான் கடைசியா இருந்திச்சு. அதுகிட்டயும் சொல்லிட்டுப் போ."

அழைப்பு போய்க்கொண்டிருந்தது. கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன். யாரு என்று ஒரு பெண் குரல் கேட்டது. நான் முதலிலிருந்து தொடங்கினேன்.